பாடாத மோசே: ஷோன்பெர்க்கின் இசைநாடகம் குறித்து

யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில் மோசே தம் நாவன்மையின்மையைக் காரணம் காட்டி இறையழைப்பைத் தவிர்க்க முயலுகிறார். அவருடைய தமையனாராகிய ஆரோன் அவருக்கு வாயாக இருக்கும்படி நியமிக்கப்படுகிறார். நம் பிரசங்கங்களில் இப்பகுதி பெரும்பாலும் ஒரு சிறு தடையாகவே வந்துபோகும். தடை நீங்கியது, மோசே எகிப்துக்குப் புறப்பட்டார் என்று கூறிவிட்டு நாம் வாதைகளுக்கும் செங்கடலுக்கும் விரைந்துவிடுகிறோம். நாம் விரைந்து கடக்கும் அவ்விடத்திலேயே நின்று, அதனையே ஒரு பெரும் படைப்பின் அச்சாணியாக ஆக்கியவர் வியன்னாவில் பிறந்த யூத இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க். ஐரோப்பியர் 'ஓப்பரா' என்றழைக்கும் இசைநாடக வகையைச் சார்ந்த அவருடைய 'மோசேயும் ஆரோனும்', 1930 மே மாதம் தொடங்கி 1932 மார்ச் மாதம் வரை இசையமைக்கப்பட்டது. அதில் ஆரோன் பாடுகிறார், மோசே பேசுகிறார். பாட்டையே மொழியாகக் கொண்ட ஒரு கலைவடிவத்தில் அதன் தலைமை மாந்தருக்குப் பாட்டு மறுக்கப்பட்டிருக்கிறது.

இந்நாடகத்தை இறையியல் நோக்கில் எடுத்துப் பேசுவோர் அதனை எளிதான ஒரு வாய்பாட்டில் அடக்கிவிடுவது வழக்கம். மோசே தூய எண்ணத்தின் காவலர்; ஆரோன் அவ்வெண்ணத்தை மக்களின் ஆசைக்கு ஏற்றபடி உருவமாக்கிக் கெடுப்பவர்; ஆகவே முன்னவர் சரி, பின்னவர் பிழை என்பது அவ்வாய்பாடு. ஷோன்பெர்க்கே எழுதிய உரைநூலை மட்டும் வாசிப்போருக்கு அது பொருந்துவதாகவே தோன்றும். இசையோடு சேர்த்துக் கேட்கும்போது அத்தீர்ப்பு நிலைபெறவில்லை என்பது நம் கருத்து. திருவசனத்தைப் பேசும் ஊழியத்திற்கு அழைக்கப்பட்டோர், மோசேயின் பக்கம் சேர்ந்துகொள்ளுமுன் சற்றுத் தயங்க வேண்டிய காரணங்களை இந்நாடகமே தருகிறது.

அதனை விளங்கிக்கொள்ள, இது இயற்றப்பட்ட முறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள் உள்ளன என்பது ஆலயத்தில் ஹார்மோனியம் வாசிப்போர் யாவரும் அறிந்ததே. வழக்கமான இசையில், அது கீர்த்தனையாயினும் ஞானப்பாட்டாயினும், இப்பன்னிரண்டும் சமநிலை உடையன அல்ல. ஓர் ஆதார சுரம் இருக்கும்; மற்றவை அதனைவிட்டுச் சென்று அதனிடமே திரும்பும். நம் செவி அத்திரும்புதலை எதிர்பார்த்து நிற்கும், திரும்பியதும் இளைப்பாறும். முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னரே ஷோன்பெர்க் இந்த ஆதாரத்தைக் கைவிட்டுவிட்டார். கைவிட்ட பின்னர், நீண்ட படைப்புகளை எதன்மேல் கட்டுவது என்னும் வினா அவரை விடவில்லை. 1920களின் தொடக்கத்தில் அவர் கண்ட விடையே பன்னிரு சுர முறை.

பன்னிரண்டு சுரங்களையும், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை வருமாறு, ஒரு வரிசையாக நிறுத்துவது இதன் தொடக்கம். அவ்வரிசையை நேராகவும் கையாளலாம். பின்னிருந்து முன்னாகவும் கையாளலாம். ஏறுமிடத்தில் இறங்கியும் இறங்குமிடத்தில் ஏறியும் தலைகீழாக்கலாம். தலைகீழ் வடிவத்தையும் பின்னிருந்து முன்னாக வாசிக்கலாம். இந்நான்கு வடிவங்களையும் பன்னிரண்டு சுரங்களுள் எதிலிருந்தும் தொடங்கலாம் ஆதலின் மொத்தம் 48 வடிவங்கள் கிடைக்கின்றன. பாட்டின் ஓட்டமும், ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் அடுக்கும், வாத்தியங்களின் துணையும் இவற்றிலிருந்தே பிறக்கவேண்டும். எந்தச் சுரமும் மற்றொன்றுக்கு அரசன் அல்ல. இவ்வரிசை இராகத்தைப்போல முகம் காட்டுவதும் இல்லை. பயிற்சியுடைய செவிக்கும் அதனைத் தனியே இனங்காணுதல் அரிது. கேட்கப்படாமலே எல்லாவற்றையும் ஆளும் ஒரு பிரமாணம் என்று அதனை வருணிக்கும் ஆசை நம்மைப் போன்றோருக்கு எழுவது இயல்பு. அவ்வாசைக்கு அளவோடுதான் இடங்கொடுக்கலாம். ஏன் என்பது பொன் கன்றிடம் வரும்போது விளங்கும்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இம்முறையில் இசைநாடகம் இயற்றியோர் மிகச் சிலர். முதலாவது, ஷோன்பெர்க்கே இயற்றிய ஓரங்க நகைச்சுவை நாடகம். கணவன் மனைவி பிணக்கைப் பற்றிய அது 1930 பிப்ரவரி முதல் தேதி பிராங்க்ஃபர்ட்டில் அரங்கேறியது. உரைநூலைப் புனைபெயரில் எழுதியவர் அவருடைய மனைவியார். இங்கு அதனைக் குறித்து மேலும் பேசத் தேவையில்லை. அவருடைய மாணவர் அல்பன் பெர்க், 'லூலூ' என்னும் நாடகத்தின் மூன்றாம் அங்கத்திற்கு வாத்திய அமைப்பை முடிக்குமுன் 1935 டிசம்பரில் காலமானார். 1937இல் சூரிக்கில் இரண்டு அங்கங்கள் நிறைவாக மேடையேறின. முழு நாடகம் பாரிசில் கேட்கப்பட்டது 1979இல்தான்.

எர்ன்ஸ்ட் க்ரெனெக்கின் 'ஐந்தாம் கார்ல்' நம் வாசகருக்கு நெருங்கிய பொருளை உடையது. வோர்ம்ஸ் சங்கத்தில் லூத்தரை விசாரித்த அதே பேரரசர், முடிதுறந்து ஸ்பெயின் நாட்டு மடமொன்றில் மரணத்தை எதிர்நோக்கியவராய், ஓர் இளந்துறவியிடம் தம் வாழ்வைக் கணக்கொப்புவிக்கிறார். லூத்தரும் மேடையில் தோன்றுகிறார். வியன்னா அரசு இசையரங்கம் கேட்டு இயற்றப்பட்ட இந்நாடகம், 1934இல் அங்கேயே கைவிடப்பட்டு, 1938 ஜூனில் பிராகு நகரில்தான் மேடையேறியது. அதற்குள் ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குச் சென்றிருந்தது.  மனச்சான்றைக் கூண்டிலேற்றும் அதன் நேர்மையை நாம் மதிக்கிறோம். எனினும் அங்கே இறையியல் உரையாடலில் இருக்கிறது. இசை அதனைத் தாங்கிச் செல்கிறது, அவ்வளவே. ஷோன்பெர்க்கிடம் இறையியல் இசைக்குள்ளேயே நிகழ்கிறது. ஆகவே அவரிடமே திரும்புகிறோம்.

அவருடைய வாழ்வில் திருச்சபையினர் மறக்கலாகாத ஒரு செய்தி உண்டு. 1874இல் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1898இல், கத்தோலிக்க நகரமாகிய வியன்னாவில், லூத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1921ஆம் ஆண்டுக் கோடையில் மாட்ஸே என்னும் ஏரிக்கரை ஊரில் தங்கியிருந்தபோது, யூதர் அங்கே வேண்டப்படாதவர் என்னும் நிலையினால் குடும்பத்தோடு வெளியேற நேர்ந்தது. அவர் பெற்ற ஞானஸ்நானம் அன்று அவருக்குக் கேடயமாகவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் ஓவியர் கந்தின்ஸ்கிக்கு எழுதிய கடிதங்களில், தாம் யூதர் என்பதை இனி ஒருபோதும் மறவாதபடி கற்றுக்கொண்டதாகக் கசப்போடு குறிப்பிடுகிறார். 1926, 1927ஆம் ஆண்டுகளில் யூதருக்கு ஒரு புதிய நாடு தேடும் தலைவனைப் பற்றி 'வேதாகம வழி' என்னும் உரைநாடகத்தை எழுதினார். அந்தத் தலைவனின் பெயர் மாக்ஸ் அருன்ஸ். மோசேயும் ஆரோனும் அப்பெயரில் ஒரே மனிதனாகப் பிணைந்திருக்கிறார்கள், அம்மனிதன் தோல்வியுறுகிறான். ஒருவரில் அடங்காத அவ்விருவரைத்தான் இசைநாடகத்தில் அவர் பிரித்து நிறுத்தினார். 1933இல் பெர்லினில் பிரஷ்ய கலைக்கழகப் பதவி பறிபோகும் நிலையில் ஜெர்மனியைவிட்டு நீங்கி, அவ்வாண்டு ஜூலையில் பாரிசில் முறைப்படி யூத சமயத்திற்குத் திரும்பினார். ஞானஸ்நானத்திற்கும் இத்திரும்புதலுக்கும் இடையே உள்ள 35 ஆண்டுகள் அவருடைய வரலாற்றைச் சார்ந்தவை மட்டுமல்ல; திருச்சபை வரலாற்றையும் சார்ந்தவை.

நாடகத்தின் முதற்காட்சி எரியும் முட்செடி. திரை எழும்போது கேட்பது சொற்கள் அற்ற குரல்களின் அடுக்கு. பின்னர் மோசே கடவுளை விளித்து அடைமொழிகளை அடுக்குகிறார். அவற்றுள் இறுதியானது, மனத்தாலும் உருவாக்கிக்கொள்ள இயலாதவர் என்னும் பொருளுடையது. கல்லில் மட்டுமல்ல, எண்ணத்திலும் விக்கிரகம் கூடாது என்று இரண்டாம் கற்பனையைத் தம் சிந்தைக்குள் கொண்டுபோகும் மோசே இவர். அவருடைய பகுதிக்குத் தாளம் உண்டு, குரலின் ஏற்ற இறக்கம் குறிக்கப்பட்டுள்ளது, ஆனால் சுரத்தில் நிலைகொள்ளுதல் இல்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கும் இவ்வுத்தியை ஷோன்பெர்க் 1912ஆம் ஆண்டின் 'பியரோ லூனேர்' என்னும் படைப்பிலேயே கையாண்டிருந்தார். இந்நாடகத்தில் ஒரே ஓரிடத்தில் மோசே விரும்பினால் பாடலாம் என்று விடப்பட்டுள்ளது. ஆரோனிடம் சிந்தையைத் தூய்மையாக்கும்படி கூறும் சில அளவுகளே அவை. பாடும் தமையனாரைத் திருத்தும் வேளையில் மட்டும் தம்பிக்குப் பாட்டின் வாசல் சிறிது திறக்கிறது.

முட்செடியின் குரலை ஷோன்பெர்க் அமைத்த விதத்தைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். ஆறு தனிக்குரல்கள் இசைக்குழுவின் நடுவிலிருந்து அவ்வார்த்தைகளைப் பாடுகின்றன. ஒரு குழு அதே வார்த்தைகளைப் பேசுகிறது. இறைக்குரலில் பாட்டும் பேச்சும் ஒருங்கே உள்ளன. அக்குரல் மனிதரிடம் வந்து சேரும்போதுதான் பிளவுபடுகிறது. ஒரு பாதி மோசேயிடமும் மறு பாதி ஆரோனிடமும் தங்கிவிடுகிறது. மோசேயைத் தூய வார்த்தையின் முழு உரிமையாளராகக் கொள்ளும் வாய்பாடு முதற்காட்சியிலேயே தடுக்கி விழுகிறது. அவர் பெற்றிருப்பது பாதி. வனாந்தரத்தில் சகோதரர் சந்திக்கும் இரண்டாம் காட்சியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசியும் பாடியும் செல்வதை இசைநாடக மரபின்படி இருவர் பாட்டு என்று அழைக்க மனம் வருவதில்லை. ஒருவர் மற்றவருக்குக் காது கொடுக்கவில்லை. ஆரோனின் தெனோர் குரல் நீண்டு வளைந்து செல்ல, மோசேயின் சொற்கள் கற்களைப்போல நடுவே விழுகின்றன.

முதலாம் அங்கத்தின் இறுதியில் கோல் பாம்பாவதும், கை குஷ்டமாவதும், தண்ணீர் இரத்தமாவதும் ஆரோனின் கையால் நிகழ்கின்றன, மக்கள் நம்புகிறார்கள். இரண்டாம் அங்கம் தொடங்குமுன் திரையின் முன்னே ஒரு சிறு இடைக்காட்சி. மோசே மலையேறிப் பல நாள்களாகின்றன. அவர் எங்கே என்று கூட்டம் கிசுகிசுக்கிறது. நாடகம் முழுவதிலும் மக்கள்மேல் நமக்கு இரக்கம் உண்டாக்கும் இடம் இதுவென்றே கூறுவோம். தலைவனும் இல்லை, காணக்கூடிய கடவுளும் இல்லை. இருப்பது இருளில் ஒரு வினா மட்டும்.

இனிப் பொன் கன்று. ஆரோன் மூப்பர்களுக்கும் மக்களுக்கும் இணங்கி அதனைத் தருகிறார். அதன்பின் வரும் நீண்ட காட்சி இருபதாம் நூற்றாண்டு இசைநாடகத்தின் மிகக் கொடிய காட்சிகளுள் ஒன்று. யாத்திராகமம் 32 புசித்தல், குடித்தல், விளையாடுதல் என்று சுருக்கமாகக் கூறி நிறுத்துவதை ஷோன்பெர்க் விரித்துச் செல்கிறார். பலிமிருகங்கள் வெட்டப்படுகின்றன, நோயுற்ற பெண் கன்றைத் தொட்டுச் சுகமடைவதாக நம்புகிறாள், ஏழைகள் தம்மிடம் மிஞ்சியதைக் கொண்டுவந்து படைக்கிறார்கள், முதியோர் தம் உயிரைத் தருகிறார்கள், எதிர்த்து நின்ற ஓர் இளைஞன் கொல்லப்படுகிறான், நான்கு கன்னியர் பலியிடப்படுகின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை வேதாகமத்தில் இல்லை. ஆயினும் அவை வரிசைப்படுத்தப்பட்டிருக்கும் விதத்தில் ஓர் உண்மை உண்டு. ஏழையின் காணிக்கையும் நோயாளியின் நம்பிக்கையும் கொலைவெறிக்கு வெளியே அல்ல, அதே ஆராதனைக்குள் நிற்கின்றன. விக்கிரக வணக்கத்தைக் குடியாட்டமாக மட்டும் காட்டும் பிரசங்கிகள் இதனைச் சிந்திக்கலாம்.

இசைக்கு வருவோம். இந்நாடகம் முழுவதும் ஒரே ஒரு பன்னிரு சுர வரிசையிலிருந்து எழுந்தது. முட்செடியின் குரல் எந்த வரிசையிலிருந்து பிறந்ததோ, அதே வரிசையிலிருந்தே ஆரோனின் இனிய பாட்டும், மோசேயின் பேச்சுக்குப் பின்னணியும், பொன் கன்றைச் சுற்றிய கூத்தும் பிறக்கின்றன. எண்ணத்திற்கு ஒரு வரிசையும் உருவத்திற்கு வேறொரு வரிசையும் வகுத்திருந்தால் வாய்பாடு வென்றிருக்கும். பெர்க் 'லூலூ'வில் ஒரு மூல வரிசையிலிருந்து மாந்தர்களுக்கு ஏற்ப வேறு வரிசைகளைப் பிறப்பித்துக்கொண்டார். அத்தகைய வழி கைக்கு எட்டியதே. ஷோன்பெர்க் அதனை நாடவில்லை. ஆகவேதான் வரிசையை இறைப்பிரமாணத்தோடு ஒப்பிடும் ஆசையை அளவோடு கொள்ளவேண்டும் என்றோம். அது பிரமாணமாயின், கன்றின்முன் ஆடுவோரையும் விலக்காத பிரமாணம். படைப்பு முழுவதும் ஒருவரிடமிருந்தே வந்தது என்று அறிக்கையிடுவோருக்கு இது புதிதும் அல்ல. ஆறுதல் தரும் கருத்தும் அல்ல. மனிதர் விக்கிரகம் செய்யப் பயன்படுத்தும் பொன்னும் கடவுளின் பொன்னே.

மற்றொரு முரணையும் சொல்லத்தான் வேண்டும். செவியைக் கவருவதில் இந்நாடகத்தின் பிற பகுதி எதுவும் கன்றின் கூத்துக்கு ஈடாகாது. உருவத்தைக் கண்டிக்க எழுந்த படைப்பு, உருவத்தின் வலிமையினாலேயே செவிகளை வெல்லுகிறது. 1951 ஜூலை 2ஆம் தேதி டார்ம்ஸ்டாட்டில் ஹெர்மன் ஷெர்கென் முதன்முதல் நடத்திக் காட்டியதும் இப்பகுதியைத்தான். பதினொரு நாள்களுக்குப் பின் ஷோன்பெர்க் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார். தாம் படைத்த மோசேயின் பேச்சை ஒருமுறையேனும் அவர் மேடையில் கேட்டதில்லை.

மோசே மலையிலிருந்து இறங்குகிறார். ஒரு சொல்லால் கன்று மறைந்துபோகிறது. வேதாகமத்தில் அவர் அதனைச் சுட்டெரித்துப் பொடியாக்கித் தண்ணீரில் தூவுகிறார்; நாடகத்தில் சொல் மட்டுமே போதுமானதாயிருக்கிறது. நாடகம் முழுவதிலும் மோசேயின் வார்த்தை செயலாற்றும் இடம் இது ஒன்றே, அச்செயலும் அழித்தல். பின்னர் வரும் இறுதிக் காட்சியில் சகோதரர் இருவர் மட்டும் நிற்கின்றனர். ஆரோன் தாம் நேசிப்பது இம்மக்களை என்கிறார். மோசே தாம் நேசிப்பது தம் எண்ணத்தை என்கிறார். உம் கையிலுள்ள கற்பலகைகளும் ஓர் உருவமல்லவா என்று ஆரோன் திருப்பிக் கேட்கும்போது மோசேயிடம் விடை இல்லை. பலகைகளை உடைக்கிறார், தம்மை இவ்வூழியத்திலிருந்து விடுவிக்கும்படி இறைவனைக் கேட்கப்போவதாகக் கூறுகிறார்.

இவ்விடத்தில் யாத்திராகமத்தைத் திறந்து அருகில் வைத்து வாசித்தல் வேண்டும். அங்கே பலகைகள் உடைவது கன்றையும் கூத்தையும் கண்ட கோபத்தில்; இங்கே ஒரு வாதத்தில் தோற்றதனால். அங்கே மலையின்மேலேயே மோசே மக்களுக்காக மன்றாடித் தேவகோபத்தைத் தடுக்கிறார். மறுநாள் மீண்டும் ஏறி, மக்களை மன்னியாவிட்டால் தம் பெயரையும் நீக்கிவிடும்படி வேண்டுகிறார். நாடகத்தில் அம்மன்றாட்டு இல்லை. தம்மைப் பணியிலிருந்து நீக்கும்படி கேட்பவர் இருக்கிறார். மக்களோடு தம்மையும் சேர்த்து எண்ணும்படி கேட்பவர் இல்லை. லேவியரின் வாளால் ஏறத்தாழ மூவாயிரம் பேர் விழுந்த செய்தியையும் ஷோன்பெர்க் விட்டுவிட்டார். அதனால் அவருடைய மோசே வேதாகம மோசேயைவிட மென்மையானவர் என்று சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. வாளும் இல்லை, மன்றாட்டும் இல்லை என்றால் மிஞ்சுவது மக்களைத் தொடாத ஒரு தூய்மை. நாடகத்தின் பெருங்குறையும் அதுவே, பேருண்மையும் அதுவே. தன்னிடம் சத்தியம் உண்டு, அதனைச் சொல்லும் நாவு மட்டுமே இல்லை என்று நம்புகிற ஊழியனுக்குத் தன் தோல்வியே தன் தூய்மைக்குச் சான்றாகிவிடுகிறது. பிரசங்க பீடத்திலிருந்து இறங்கிவந்து சபையாரின் விளங்காமையை நொந்துகொள்ளும் பழக்கம் நம்முள் எவருக்கும் முற்றிலும் அந்நியமானதன்று.

ஆரோன் வெளியேற, மக்கள் அக்கினித்தம்பத்தைப் பின்பற்றிப் பாடிக்கொண்டு செல்லுகிறார்கள். மோசே தனித்து நிற்கிறார். தமக்கு வார்த்தை இல்லையே என்னும் கதறலோடு அவர் தரையில் விழும்போது வயலின்கள் யாவும் ஒன்றுசேர்ந்து ஒற்றை வரியாய் ஒலிக்கின்றன. அடுக்குகள் யாவும் ஒழிந்து ஒரே குரலான அந்த வரி மெல்ல அடங்குகிறது. பேசத் தெரியாத மனிதனுக்காகப் பாடுவது யார் என்று நாம் எம்மைக் கேட்டுக்கொண்டதுண்டு. அந்த வயலின்கள் ஆரோனின் பக்கமும் அல்ல, கன்றின் பக்கமும் அல்ல. அவ்வரியைக் கேட்டபின் மோசேயை வெறுமனே கண்டிக்கவும் இயலாது.

மூன்றாம் அங்கத்திற்கு உரை உண்டு, இசை இல்லை. விலங்கிடப்பட்ட ஆரோனை மோசே விசாரிக்கிறார். இறுதியில் விடுதலை செய்யும்படி கட்டளையிடுகிறார். விடுதலையான ஆரோன் விழுந்து இறக்கிறார். வாய்பாட்டின்படி நடக்கும் அங்கம் இது. மோசேக்கே முழு வெற்றி. இதற்கு இசையமைக்க ஷோன்பெர்க்குக்கு 19 ஆண்டுகள் இருந்தன, அவர் அமைக்கவில்லை. புறக் காரணங்கள் உண்மையானவை: நாடுகடத்தல், பிழைப்புக்காகக் கற்பித்தல், நோய். 1945இல் இதனையும் பிற படைப்புகளையும் முடிக்க உதவிவேண்டி அமெரிக்காவின் குக்கன்ஹைம் அறக்கட்டளைக்கு அவர் விடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அகக் காரணம் ஒன்றை அவரே 1933ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் தெரிவித்திருக்கிறார். கன்மலையை அடிக்கும்படி யாத்திராகமத்திலும், அதனோடு பேசும்படி எண்ணாகமத்திலும் கட்டளை வருகிறதே, இவ்விரண்டையும் எங்ஙனம் பொருத்துவது என்பதே அவரை அலைக்கழித்த வினா. விளக்கவுரைகளில் இது மூலச்சுவடிகளைப் பற்றிய சிக்கலாகத் தீர்க்கப்படும். அவருக்கோ அது தம் நாடகத்தின் முழுச் சிக்கலுமாயிற்று. கல்லை அடிப்பது ஆரோனின் வழி. கல்லோடு பேசுவது மோசேயின் வழி. பேசும்படி கட்டளை பெற்ற இடத்தில் வேதாகம மோசே அடித்தார். வாக்குத்தத்த நாட்டுக்குள் நுழையவில்லை.

மேற்கத்தியக் கிறிஸ்தவ எழுத்தாளர் சிலர் இங்கே விரைந்து வந்து, வார்த்தை மாம்சமாகாத இடத்தில் இத்தகைய முடிவே நேரும் என்று கூறிவிடுவர். நமக்கும் அவ்வாசகம் நாவின் நுனியில் நிற்கிறது. எனினும் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, அதனைவிட்டு வெளியேறிய ஒரு யூதரின் வேதனையை நம் கோட்பாட்டிற்கு எடுத்துக்காட்டாக்குவது நேர்மையன்று. மேலும், கடவுளைப் பற்றிப் பேசுதல் இயலாமை என்பது யூதரின் இடர் மட்டுமல்ல. 1922ஆம் ஆண்டு கார்ல் பார்த் ஆற்றிய ஒரு சொற்பொழிவு, இறையியலார் கடவுளைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவர்கள், மனிதராதலின் பேச இயலாதவர்கள், இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்து கடவுளுக்கு மகிமை செலுத்தவேண்டியவர்கள் என்று வலியுறுத்தியது. பார்த்தும் ஷோன்பெர்க்கும் ஒருவரையொருவர் பயின்றதாக நாம் கூறவில்லை. போரில் பெருஞ்சொற்கள் யாவும் மதிப்பிழந்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் இருவரும். வேறுபாடு மூன்றாவது படியில் இருக்கிறது. பார்த் இயலாமையை அறிந்தபின் மகிமை செலுத்துவதைப் பற்றிப் பேசுகிறார். ஷோன்பெர்க்கின் மோசே தரையில் கிடக்கிறார்.

1963இல் வெளியான தம் கட்டுரையில் தியோடர் அடோர்னோ, இந்நாடகம் முடிவுறாமை தற்செயலன்று என வாதிட்டார். சமயம் பொதுவாழ்வின் அடித்தளமாக இல்லாத காலத்தில், தனிமனிதர் ஒருவர் தம் மன உறுதியால் மட்டும் ஒரு திருப்படைப்பை உண்டாக்க இயலாது; ஆகவே அது துணுக்காக நிற்பதே அதன் உண்மை என்பது அவர் வாதம். இதில் பெரும்பகுதியை நாம் ஏற்கிறோம். எனினும் அடோர்னோ சமயத்தைக் கடந்துபோன ஒன்றாக எண்ணுகிறார். ஷோன்பெர்க் அவ்வாறு எண்ணியவர் அல்லர். அவர் தோற்றது நம்பிக்கை இன்மையால் அன்று. தம் நம்பிக்கைக்கு உகந்த ஓசையைத் தேடியதால்.

இசையமைக்கப்பட்ட இரண்டு அங்கங்களும் 1954 மார்ச் 12ஆம் தேதி ஹாம்பர்க்கில் ஹான்ஸ் ரோஸ்பாட் தலைமையில் மேடைக்காட்சியின்றிக் கேட்கப்பட்டன. 1957 ஜூனில் சூரிக்கில் அவரே மேடையேற்றினார். நேரில் காணும் வாய்ப்பு அரிதாயினும், ஸ்ட்ராப், ஹுயிலே என்னும் இருவரும் இத்தாலியில் ஒரு பழைய ரோம வட்டரங்கில் எடுத்து 1975இல் வெளியிட்ட திரைப்படத்தைத் தேடிக் காணலாம். மூன்றாம் அங்கம் அதில் இசையின்றிப் பேசப்படுகிறது. தேவையானால் அவ்வாறு செய்யலாம் என்று ஷோன்பெர்க் இறுதிக் காலத்தில் இசைந்திருந்தார். இரண்டாம் அங்கத்தின் வயலின்களுக்குப் பிறகு இசையற்ற அப்பேச்சைக் கேட்பது கடினமாயிருக்கிறது. மோசே வென்றுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. நம் செவி அதனை ஏற்க மறுக்கிறது.

அவர் இத்துடன் அமைந்துவிடவில்லை. 1947இல் இயற்றிய 'வார்சாவிலிருந்து தப்பியவன்' என்னும் சிறு படைப்பும் பன்னிரு சுர முறையிலானதே. அதிலும் ஒருவன் பேசுகிறான், பாடவில்லை; வார்சாவின் யூதர் கொலைக்களத்திற்கு எண்ணப்படுவதைத் திக்கித் திணறி விவரிக்கிறான். எண்ணிக்கை விரைந்து உச்சத்தை அடையும்போது, எண்ணப்படுவோர் திடீரென ஒரே குரலாய் ஷேமா அறிக்கையை எபிரெய மொழியில் பாடத் தொடங்குகிறார்கள். மோசேக்குக் கிட்டாத பாட்டு அங்கே மக்களின் வாயில் வருகிறது. அதனைக் கற்றுக்கொடுக்கும் ஆரோன் எவரும் மேடையில் இல்லை. மரணத்திற்கு முந்தைய மாதங்களில் ஷோன்பெர்க் தாமே 'நவீன சங்கீதங்கள்' என்னும் வரிசையை எழுதத் தொடங்கி, முதலாவதற்கு, பேசும் ஒருவருக்கும் பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்குமாக இசையமைத்துவந்தார். அதுவும் முடியவில்லை. ஜெபிப்பதைக் குறித்த ஓர் அடியோடு அந்த இசை நின்றுபோகிறது.